வானத்தின் மக்கள்

நுழையும்முன்

ஓர் இனத்தை இனமாக நிலைநிறுத்துவது எது? அரசா, படையா, நிலமா, மொழியா? இவற்றுள் ஒன்று அழிந்தால் இனமும் அழிந்துவிடுமா? அரசனை இழந்து, படை கலைக்கப்பட்டு, நிலம் பறிக்கப்பட்ட பின்னும் தம் பெயரையும் பெருமையையும் காத்துக்கொண்ட மக்கள் தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தார். அவர்களைத் தாங்கிநின்ற அமைப்புகள் எவை, அவை எவ்வாறு இயங்கின, எங்கே இடறின என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், இந்தியப் பெருங்கடலுக்கும் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்கும் இடையே அமைந்தது குவாஜூலு-நட்டால் மாகாணம். பசும்புல் போர்த்திய குன்றுகளும், மலையில் பிறந்து கடலை நாடும் ஆறுகளும் நிறைந்த மண் அது. அந்த ஆறுகளுள் பெரியது துகேலா. அதன் வடகரையில் தோன்றிய ஜூலு அரசே 19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வலிமைமிக்க ஆப்பிரிக்க அரசாக விளங்கியது. இன்று தென்னாப்பிரிக்காவில் மிகுதியானோர் வீட்டில் பேசும் மொழி ஜூலு மொழியே. 2022ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அதனைத் தம் வீட்டுமொழியாகக் கொண்டுள்ளனர்.

சிறுகுடி பேரினமான வரலாறு

'ஜூலு' என்னும் சொல்லுக்கு 'வானம்' என்பது பொருள். 'அமாஜூலு' என்றால் 'வானத்தின் மக்கள்'. தொடக்கத்தில் இது ஒரு பேரினத்தின் பெயராக இருக்கவில்லை. மலாண்டேலா என்பவரின் மகனான ஜூலு என்னும் மூதாதையின் வழிவந்த ஒரு சிறுகுடியின் பெயராகவே இருந்தது. சுற்றிலும் இதனினும் பெரிய குடிகள் பல வாழ்ந்தன. அவை ஒத்த மொழியைப் பேசின. ஒத்த வாழ்க்கையை வாழ்ந்தன. ஆனால் தம்மை ஒரே இனமாகக் கருதவில்லை.

இந்நிலையை மாற்றியவர் ஷாகா. ஜூலு குடியின் தலைவரான சென்சங்ககோனாவுக்கும் லங்கேனி குடியைச் சேர்ந்த நாண்டிக்கும் பிறந்த இவர், தந்தையின் அரவணைப்பின்றித் தாயுடன் வேற்றிடங்களில் வளர்ந்தார். ம்தெத்வா குடியின் தலைவர் டிங்கிஸ்வாயோவின் படையில் சேர்ந்து போர்க்கலை பயின்றார். தந்தையின் மறைவுக்குப் பின், 1816ஆம் ஆண்டளவில் ஜூலு குடியின் தலைமையைப் பெற்றார். டிங்கிஸ்வாயோ கொல்லப்பட்டபின் ம்தெத்வா மக்களும் ஷாகாவின் தலைமையை ஏற்றனர். வடக்கே வலிமையுடன் விளங்கிய ந்துவாண்டுவே அரசை வென்ற பிறகு அவருக்கு நிகரானவர் அப்பகுதியில் எவருமிலர்.

ஷாகாவின் போர்களால் அழிவும் மிகுந்தது. பல குடிகள் சிதறி ஓடின, பலர் உயிரிழந்தனர். அக்கால இடப்பெயர்ச்சிகளுக்கு ஷாகா ஒருவரே காரணமா, வறட்சியும் அயலாரின் வாணிகமும் எவ்வளவு காரணம் என்பது குறித்து வரலாற்றறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஓர் உண்மையில் ஐயமில்லை. வென்ற குடிகளை அழித்தொழிப்பதோடு ஷாகாவின் பணி நின்றுவிடவில்லை. அவற்றைத் தம் அரசுக்குள் இணைக்கும் வழியையும் அவர் கண்டார். அவ்வாறு இணைந்த குடிகள் தத்தம் குடிப்பெயர்களையும் மூதாதையர் வழிபாட்டையும் கைவிடவில்லை. குடிப்பெயர் ஒன்று, அதற்கு மேல் 'ஜூலு' என்னும் பொதுப்பெயர் ஒன்று என இரண்டு அடையாளங்களையும் அவர்கள் ஒருங்கே தாங்கினர். இன்றும் ஒரு ஜூலுவை மரியாதையுடன் விளிக்க வேண்டுமாயின், அவருடைய குடிக்குரிய புகழ்ப்பெயரைச் சொல்லி விளிப்பதே வழக்கம்.

வயதணிகள்

பல குடியினரை ஓரினமாகப் பிணைத்த முதன்மையான அமைப்பு 'அமபுத்தோ' எனப்படும் வயதணி முறையாகும். ஒத்த வயதுடைய இளைஞர்களை, அவர்கள் எக்குடியில் பிறந்தவராயினும், ஒரே அணியில் சேர்ப்பது இதன் அடிப்படை. இம்முறை ஷாகாவுக்கு முன்பும் வழக்கில் இருந்தது. அவர் அதனை விரிவாக்கி, அரசின் முதுகெலும்பாக ஆக்கினார்.

ஒவ்வோர் அணிக்கும் தனிப்பெயர் உண்டு. தனிநிறக் கேடயம் உண்டு. அக்கேடயம் அரசனின் மந்தையிலிருந்து கிடைத்த தோலால் செய்யப்பட்டது. அது வீரனுக்கன்றி அரசுக்கே உரியது. அணியினர் நாட்டின் பல பகுதிகளிலும் அமைந்த அரச மனைகளில் தங்கிப் பணியாற்றினர். போர்க்காலத்தில் போரிடுவது அவர்கள் பணிகளுள் ஒன்றுதான். அரசனின் ஆநிரைகளை மேய்த்தல், வயல்களில் உழைத்தல், மனைகளைக் கட்டுதல், வேட்டையாடுதல் முதலியவற்றையும் அவர்களே செய்தனர். பெண்களுக்கும் வயதணிகள் இருந்தன. அரச மனைகள் பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்கள் பொறுப்பேற்றிருந்தனர். ஷாகாவின் அத்தை ம்கபாயி அவ்வாறு செல்வாக்குடன் விளங்கியவர்.

அரசன் இசைவு தந்த பின்னரே ஓர் அணியினர் மணம் புரிய இயலும். அதுவரை அவர்களுடைய உழைப்பு அரசுக்கு உரியது. இசைவு கிடைத்ததும் தலையில் வளையம் சூடி, மணந்து, தனிமனை அமைப்பர். இம்முறையால் அரசின் ஆற்றலும் பெருகியது. இளைஞர்களிடையே குடிப்பகையை மறந்த தோழமையும் வளர்ந்தது. ஒரே மனையில் உறங்கி, ஒரே மந்தையின் பாலை அருந்தி, ஒரே பாடலைப் பாடிய இளைஞனுக்குத் தன் அணித்தோழன் எக்குடியினன் என்பது பெரிதாகத் தோன்றாது.

மனையும் மந்தையும்

அரசு என்னும் பெரிய அமைப்புக்கு அடித்தளமாக இருந்தது 'உமுசி' எனப்படும் மனை. தேன்கூடு போன்று வளைந்த புற்குடில்கள் வட்டமாக அமைந்திருக்கும். நடுவில் மாட்டுப்பட்டி இருக்கும். ஒவ்வொரு மனைவிக்கும் தனிக்குடிலும் தனிவயலும் உண்டு. மனைத்தலைவன் மூதாதையரிடம் வேண்டுவதும், உணவுத் தானியத்தைக் குழிகளில் சேமிப்பதும் அப்பட்டியினுள்ளேயே நிகழும். இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் பாலமாக அமைந்த இடம் அது.

திருமணத்தின்போது மணமகன் வீட்டார் மணமகள் வீட்டார்க்கு ஆநிரை அளிக்கும் வழக்கம் 'லொபோலோ' எனப்படும். இப்பரிசத்தால் இரண்டு குடிகள் நீங்காத உறவில் பிணைகின்றன. ஒரே குடிப்பெயர் உடையோர் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு திருமணமும் ஒரு குடியை மற்றொரு குடியோடு இணைத்தது. மேலிருந்து அரசன் வயதணிகளால் பிணைத்ததைக் கீழிருந்து குடும்பங்கள் மணவுறவால் பிணைத்தன எனலாம்.

'மனிதன் பிற மனிதரால்தான் மனிதனாகிறான்' என்னும் கருத்துடைய பழமொழி ஜூலு மக்களிடையே வழங்குகிறது. இன்று உலகெங்கும் பேசப்படும் 'உபுண்டு' என்னும் அறக்கோட்பாட்டின் சாரம் இதுவே. அக்கோட்பாடு நூல்களில் தோன்றியதன்று. மனை, மந்தை, மணவுறவு ஆகியவற்றில் தோய்ந்த அன்றாட வாழ்விலிருந்து விளைந்தது.

சும்மாடு

தலையில் சுமை ஏற்றுவோர் துணியையோ புல்லையோ வட்டமாகச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொள்வர். இதனை நாம் சும்மாடு என்கிறோம். ஜூலு மொழியில் இதன் பெயர் 'இன்காத்தா'. சுமையைத் தாங்குவதும், அது சரியாமல் காப்பதும் சும்மாட்டின் பணி. இந்த எளிய பொருளையே ஜூலு மக்கள் தம் ஒருமையின் சின்னமாகக் கொண்டனர்.

புற்களை முறுக்கி வளையமாகச் சுற்றி, மலைப்பாம்பின் தோலால் பொதிந்த புனிதச் சும்மாடு ஒன்று அரச மனையில் காக்கப்பட்டது. அரசனோடும் மக்களோடும் தொடர்புடைய பல பொருள்கள் அதனுள் சேர்க்கப்பட்டிருந்தன. ஓர் அரசரிடமிருந்து அடுத்த அரசருக்கு அது வழிவழியாக வந்தது. தனித்தனிப் புல்லிழைகள் எளிதில் அறுபடும். முறுக்கிச் சுற்றிய வளையமோ பாரம் தாங்கும். நாட்டு மக்கள் சிதறாமல் ஒன்றியிருப்பர் என்னும் நம்பிக்கை அவ்வளையத்தில் உறைந்திருந்தது.

அரசனைப் புகழும் பாவாணர் 'இம்போங்கி' எனப்படுவார். அரசரின் மூதாதையர் பெயர்களையும், வெற்றிகளையும், சில வேளைகளில் குறைகளையும்கூட அவர் உரத்த குரலில் அடுக்கிப் பாடுவார். எழுத்து வழக்குக்கு வராத காலத்தில் நாட்டின் வரலாற்றுக் கருவூலமாக விளங்கியவை இப்புகழ்ப்பாக்களே. ஆண்டுதோறும் முதற்கனிகளை அரசன் சுவைக்கும் விழா நிகழும். அது முடிந்த பின்னரே மக்கள் புதுவிளைச்சலை உண்பர். வயதணிகள் அனைத்தும் ஒருங்கே திரளும் அவ்விழா, நாடு தன்னைத் தானே கண்டுகொள்ளும் நாளாக அமைந்தது.

1879

ஷாகா 1828ஆம் ஆண்டில் தம் உடன்பிறந்தாரால் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் டிங்கானேயும், அடுத்து ம்பாண்டேயும் ஆண்டனர். டிங்கானேயின் காலத்தில் டச்சு வழிவந்த போயர்கள் உள்ளே நுழைந்தனர். 1838ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று ந்கோமே ஆற்றங்கரையில் நடந்த போரில் துப்பாக்கிகளின் முன் ஜூலு படை பேரிழப்பைச் சந்தித்தது. துகேலாவின் தென்பகுதி பின்னர் ஆங்கிலேயரின் நட்டால் குடியேற்றமாயிற்று. வடபகுதியில் ஜூலு அரசு தொடர்ந்தது. ம்பாண்டேயின் மகன் செட்சுவாயோ 1873இல் முடிசூடினார்.

தென்னாப்பிரிக்கா முழுவதையும் ஒரு குடையின்கீழ்க் கொணர விரும்பிய ஆங்கிலேயருக்குத் தன்னுரிமையுடைய ஜூலு அரசு தடையாகத் தோன்றியது. 1878 டிசம்பரில் ஆங்கில உயர் ஆணையர் பார்ட்டில் ஃபிரேர் ஓர் இறுதி எச்சரிக்கையை விடுத்தார். வயதணி முறையைக் கலைக்க வேண்டும், அரசன் இசைவின்றி இளைஞர்கள் மணம் செய்துகொள்ள விட வேண்டும் என்பன அதன் முதன்மையான நிபந்தனைகள். ஜூலு அரசின் உயிர்நிலை எதுவென எதிரி நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று. அதனை ஏற்றால் அரசு தானே குலைந்துவிடும். செட்சுவாயோ ஏற்கவில்லை, போர் மூண்டது.

1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானா மலையடிவாரத்தில் ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் ஆங்கிலப் பாசறையைத் தாக்கினர். காளையின் கொம்புகள்போல் இருபுறமும் விரிந்து வளைத்த அப்படை, 1,300க்கும் மேற்பட்டோரை வீழ்த்தியது. ஈட்டியும் கேடயமும் முதன்மைக் கருவிகளாக ஏந்திய ஆப்பிரிக்கப் படை, புதுவகைத் துப்பாக்கிகள் கொண்ட பேரரசின் படையை வென்ற செய்தி உலகையே திகைக்கச் செய்தது. ஆனால் அவ்வெற்றிக்கு ஜூலு மக்கள் தந்த விலையும் பெரிது. நாடெங்கும் மனைகளில் அழுகுரல் எழுந்தது. ஆங்கிலேயர் பெரும்படையுடன் மீண்டும் வந்தனர். அவ்வாண்டில்தான் புனிதச் சும்மாடு இருந்த அரச மனை தீக்கிரையானது. சும்மாடும் எரிந்து சாம்பலாயிற்று. ஜூலை 4 அன்று உலுண்டியில் அரசனின் தலைநகரும் வீழ்ந்தது. செட்சுவாயோ சிறைப்பிடிக்கப்பட்டுக் கேப் டவுனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

வென்றவர்கள் நாட்டை நேரடியாக ஆளவில்லை. 13 கூறுகளாகப் பிளந்து 13 தலைவர்களிடம் ஒப்படைத்தனர். வயதணிகள் தடைசெய்யப்பட்டன. விளைவு உள்நாட்டுப் போர். ஆங்கிலப் படையால் மாண்டதைப் போலவே தம்முள் போரிட்டும் ஜூலு மக்கள் மாண்டனர். இலண்டன் சென்று விக்டோரியா அரசியைச் சந்தித்து முறையிட்ட செட்சுவாயோ, 1883இல் நாட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மீண்டும் அரசரானார். அடுத்த ஆண்டே மறைந்தார். 1887இல் ஜூலு நாடு ஆங்கிலேயரின் உடைமையாக அறிவிக்கப்பட்டது. எதிர்த்த அவருடைய மகன் டினுஜூலு, செயிண்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வரியும் உழைப்பும்

அரசு வீழ்ந்த பின்னும் மனை எஞ்சியிருந்தது. நிலமும் மந்தையும் உள்ளவரை ஜூலு மக்கள் பிறரிடம் கூலிக்குச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. இவ்வுண்மை தமிழர் வரலாற்றையும் தொட்டது. நட்டால் கடற்கரையில் கரும்புத் தோட்டங்கள் அமைத்த வெள்ளையர், தாம் தரும் குறைந்த கூலிக்கு ஆப்பிரிக்கர்கள் வாராமையால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தமிழரும் தெலுங்கரும் நிறைந்த அக்கப்பலே தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றின் ஒரு தொடக்கமாகும்.

மனையின் தன்னிறைவை உடைக்கக் குடியேற்ற அரசு கைக்கொண்ட கருவி வரி. குடிசை ஒவ்வொன்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. வரியைப் பணமாகச் செலுத்த வேண்டும். பணத்துக்குக் கூலி வேலை வேண்டும். இளைஞர்கள் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். போதாக்குறைக்கு, 1906இல் ஆண்களிடமிருந்து ஒரு பவுன் தலைவரி தண்டத் தொடங்கினர். பம்பாதா என்னும் தலைவர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அது கொடுமையாக ஒடுக்கப்பட்டது. ஆப்பிரிக்கர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காந்தியடிகள், இந்தியர்களைக் கொண்ட தூக்குப்படுக்கைப் படையை அமைத்துச் சென்றார். வெள்ளையர் தொட மறுத்த ஜூலு மக்களின் கசையடிப் புண்களுக்கு மருந்திடும் பணியே அவர்களுக்குப் பெரிதும் வாய்த்தது. தாம் கண்டது போரன்று, மனித வேட்டை என்னும் உணர்வு அவர் உள்ளத்தை உலுக்கியது.

1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் தென்னாப்பிரிக்க நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கியது. மனையின் அடித்தளமும் சரியத் தொடங்கியது.

எழுத்தும் பள்ளியும்

பழைய அமைப்புகள் தளர்ந்தபோது புதியன எழுந்தன. சமயப் பணியாளர்கள் ஜூலு மொழிக்கு உரோமன் எழுத்தை அமைத்திருந்தனர். நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் அம்மொழியின் தனிச்சிறப்பு. பழங்குடியினரான கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து அவை வந்தன. அவ்வொலிகளையும் எழுத்தில் வடித்தனர். ஆனால் அவ்வெழுத்தைத் தம் இனத்தின் குரலாக மாற்றியவர்கள் ஜூலு மக்களே.

ஜான் லங்கலிபலேலே டூபே இவர்களுள் முதன்மையானவர். அமெரிக்காவில் கல்வி கற்றுத் திரும்பிய இவர், தம் துணைவியார் நொக்குதேலாவுடன் இணைந்து இனாண்டாவில் ஓலாங்கே என்னும் பள்ளியை நிறுவினார். கறுப்பின மக்கள் தாமே தொடங்கித் தாமே நடத்திய பள்ளி அது. 1903இல் 'இலங்கா லாசே நட்டால்' என்னும் இதழைத் தொடங்கினார். 'நட்டாலின் ஞாயிறு' என்பது அதன் பொருள். அண்மையிலேயே காந்தியடிகளின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் 1904இல் அமைந்தது. 1912இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் முதல் தலைவரும் டூபேயே. ஜூலுவாக இருப்பதும் தென்னாப்பிரிக்கராக இருப்பதும் ஒன்றோடொன்று முரண்படா என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

1922இல் மகேமா ஃபூசே, கறுப்பின மக்களின் தோற்றத்தை ஆராயும் நூலை வெளியிட்டார். ஜூலு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அம்மொழியில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது. 1930இல் டூபே எழுதிய 'இன்சிலா காஷாகா' ஜூலு மொழியின் முதல் புதினமாயிற்று. பெனடிக்ட் விலாகாசி 1935இல் கவிதைத் தொகுதி வெளியிட்டார். ஜூலு-ஆங்கில அகராதி உருவாக்கத்திலும் பங்கேற்றார். பின்னாளில் மசிசி குனேனே ஷாகாவைப் பற்றிப் பெருங்காப்பியம் இயற்றினார். நகரத் தொழிலாளர் விடுதிகளில் பிறந்த 'இசிகாத்தமியா' என்னும் கூட்டிசை, ஜோசப் ஷபலாலாவின் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவால் உலகெங்கும் ஒலித்தது. அரச மனை இருந்த இடத்தில் பள்ளியும், இதழும், நூலும், பாடலும் நின்று இனத்தைத் தாங்கின.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஷாகாவின் ஆட்சிக்கு உட்படாது தெற்கே தப்பியோடிய குடிகளின் வழிவந்தோரும் 20ஆம் நூற்றாண்டில் தம்மை ஜூலுக்கள் என அழைத்துக்கொள்ளலாயினர். ஒரே மொழியில் கற்றதும், ஒரே இதழைப் படித்ததும், ஒரே ஒடுக்குமுறையை எதிர்கொண்டதும் அதற்குக் காரணங்கள். அரசு இருந்த காலத்தினும் அரசு அழிந்த பின்னர் அவ்வினப்பெயர் மிகுதியானோரைத் தழுவியது என்பது வரலாற்றின் வியப்பு.

தெரிந்து தெளிவோம்

அமாஜூலு – வானத்தின் மக்கள்
அமபுத்தோ – வயதணிகள்
உமுசி – மனை
லொபோலோ – மணத்திற்காக அளிக்கும் ஆநிரைப் பரிசம்
இம்போங்கி – புகழ்ப்பாப் பாடுவோர்
இன்காத்தா – சும்மாடு. இன ஒருமையின் சின்னம்
இங்கோன்யாமா – அரிமா. அரசரைக் குறிக்கும் சிறப்புப்பெயர்

அடையாளத்தின் இருபுறம்

கூரிய கருவி எவர் கையில் இருக்கிறதோ அவர் நோக்கத்துக்கே பயன்படும். இன அடையாளமும் அத்தகையதே. 1920களில் டினுஜூலுவின் மகன் சாலமன் ஆதரவில் 'இன்காத்தா' என்னும் பெயரில் ஓர் அமைப்புத் தோன்றியது. எரிந்த சும்மாட்டின் பெயரை அது தாங்கியது. அரசு ஏற்க மறுத்த அரசமரபைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1975இல் மங்கோசுது புத்தலேசி அவ்வமைப்புக்குப் புத்துயிர் அளித்தார்.

இதற்கிடையில் நிறவெறி அரசு, ஆப்பிரிக்கர்களை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனித் 'தாயகங்களில்' அடைக்கத் திட்டமிட்டது. தனித்தனித் துண்டுகளாகச் சிதறிய நிலப்பகுதிகள் 'குவாஜூலு' என்னும் தாயகமாக அறிவிக்கப்பட்டன. மக்களைப் பிரித்தாள இனப்பெருமை கருவியாக்கப்பட்டது. புத்தலேசி அத்தாயகத்தின் தலைமையை ஏற்றார்; ஆனால் நிறவெறி அரசு நீட்டிய போலி விடுதலையை ஏற்க இறுதிவரை மறுத்தார். குவாஜூலு விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஜூலு மக்கள் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்திருப்பர்.

எனினும் 1980களின் நடுப்பகுதி தொடங்கி இன்காத்தா ஆதரவாளர்களுக்கும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு சார்ந்தோர்க்கும் இடையே கொடிய மோதல்கள் மூண்டன. நட்டால் பகுதியில் மாண்டவர்களுள் பெரும்பாலோர் ஜூலுக்கள், கொன்றவர்களுள்ளும் அவ்வாறே. நிறவெறி அரசின் காவல்துறையினரும் படையினரும் மறைமுகமாக இம்மோதலுக்கு எண்ணெய் வார்த்தமை பின்னர் வெளிப்பட்டது. ஒருமையின் பெயரால் தோன்றிய சின்னம், உடன்பிறந்தாரைப் பிரிக்கும் கொடியாகவும் ஆகக்கூடும் என்னும் கசப்பான பாடம் இது. 1994ஆம் ஆண்டின் முதல் மக்களாட்சித் தேர்தலுக்கு ஒருவாரம் முன்னதாகவே இன்காத்தா தேர்தலில் பங்கேற்க இசைந்தது. அத்தேர்தலில் நெல்சன் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கைச் செலுத்தத் தேர்ந்தெடுத்த இடம் ஓலாங்கே பள்ளி. அங்குள்ள டூபேயின் கல்லறையிலும் அவர் மரியாதை செலுத்தினார்.

இன்று

தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் ஜூலு மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கிறது. மரபுவழித் தலைமையையும் அது ஏற்கிறது. ஆனால் அத்தலைமை அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டே இயங்க வேண்டும். ஜூலு அரசருக்கு ஆளும் அதிகாரம் இல்லை. மதிப்பும் செல்வாக்கும் உண்டு. 1971இல் முடிசூடிய குட்வில் ஸ்வெலிதினி 2021இல் மறையும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அரியணையில் இருந்தார். அவர் நாணல் விழாவை மீட்டெடுத்தார். ஆண்டுதோறும் செப்டம்பரில் இளம்பெண்கள் பல்லாயிரவர் நாணல் தட்டைகளை ஏந்தி நொங்கோமாவில் உள்ள அரண்மனைக்கு அணிவகுப்பர். ஷாகாவை நினைவுகூர்ந்து வந்த செப்டம்பர் 24ஆம் நாள் இன்று தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் உரிய மரபு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஸ்வெலிதினிக்குப் பின் அரியணைக்குரியவர் யார் என்னும் பூசல் நீதிமன்றப் படியேறியது. 2022இல் மிசுஜூலுவுக்கு அரசேற்புச் சான்றினை நாட்டின் குடியரசுத் தலைவர் டர்பனில் வழங்கினார். பழங்கால அரசுரிமை மக்களாட்சியின் முறைமன்றத்தில் எடைபோடப்படும் காலம் இது.

நிலத்தைக் குறித்த கேள்வி இதனினும் ஆழமானது. 1994இல் அமைக்கப்பட்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின்கீழ் ஏறத்தாழ 28 இலட்சம் எக்டேர் நிலம் உள்ளது. மாகாணத்தின் பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு இது. அரசரே அதன் பொறுப்பாளர். மரபுப்படி அந்நிலத்தில் குடியிருக்கவும் உழவும் உரிமையுடைய மக்களிடம் குத்தகை எழுதி வாங்கி, அறக்கட்டளை பணம் தண்டியது. மக்களுள் சிலர் நீதிமன்றத்தை அணுகினர். 2021இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அக்குத்தகைகள் சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பளித்தது. நிலத்தின் உண்மையான உரிமையாளர் அதில் வாழும் மக்களே என்றும் கூறியது. அறக்கட்டளை மக்களுக்காகவா, மக்கள் அறக்கட்டளைக்காகவா என்னும் வினாவுக்கு அத்தீர்ப்பு தெளிவான விடை தந்தது.

நிறைவாக

ஷாகாவின் காலத்தில் வயதணிகள் ஜூலு இனத்தைத் தாங்கின. அவை கலைக்கப்பட்டபோது மனையும் மணவுறவும் தாங்கின. மனையின் நிலம் சுருங்கியபோது மொழியும் பள்ளியும் இதழும் தாங்கின. இன்று அரசமைப்புச் சட்டமும் விழாக்களும் நீதிமன்றங்களும் அப்பணியில் பங்கேற்கின்றன. ஒன்று விட்ட பாரத்தை மற்றொன்று ஏந்தியமையால் ஓரினம் வீழாமல் நின்றது.

தாங்கும் அமைப்பு எதுவாயினும் அதனை அளக்கும் கோல் ஒன்றே. சும்மாடு சுமப்பவருடைய தலையைக் காக்க வேண்டும். தானே ஒரு சுமையாகிவிடக் கூடாது. இனத்தின் பெயரால் எழும் நிறுவனம் ஒவ்வொன்றும், எளிய மனையில் வாழும் மனிதரின் பாரத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்கும் துணிவு உள்ளவரை, எரிந்துபோன சும்மாட்டை அவர்கள் மீண்டும் மீண்டும் முறுக்கிக்கொள்வர்.

கற்பவை கற்றபின்

1. ஆங்கிலேயர் விடுத்த இறுதி எச்சரிக்கையில் வயதணி முறையைக் கலைக்கும் நிபந்தனை முதன்மை பெற்றதன் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. 'சும்மாடு' என்னும் சின்னம் இப்பாடத்தில் எவ்வெவ்வாறு பொருள்படுகிறது என்பதைத் தொகுத்து எழுதுக.
3. ஓரினத்தின் வாழ்வில் இதழும் பள்ளியும் ஆற்றும் பங்கினை ஓலாங்கே பள்ளியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
4. 'இன அடையாளம் இணைக்கவும் வல்லது. பிரிக்கவும் வல்லது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் நிகழ்வுகள்கொண்டு ஆய்க.